நீலம் கேட்டவருக்கு வெள்ளை

2018 ஜூலையில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி பெகாசஸ் என்றொரு வண்டியை இணையத்தில் விற்பனைக்கு விட்டது. உலகம் முழுக்க மொத்தமே 1000 வண்டி, அதில் இந்தியாவுக்கு 250. அந்த 250ம் 178 விநாடியில் தீர்ந்துபோயின. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களோடு வானத்திலிருந்து இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' வண்டியின் நினைவாகச் செய்தது. உள்ளே இருந்த எஞ்சின், கிளாசிக் 500இல் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த அதே எஞ்சின்தான். புதுசு என்று சொன்னால் கலர், டேங்கில் போட்ட வரிசை எண், பக்கத்தில் தொங்கும் கான்வாஸ் பைகள். மூன்று நிமிடத்துக்குள் 250 பேர் பணம் கட்டியது முக்கியமாக அந்தக் கலருக்காக.

நான் கார் பெயிண்டர். ஒரகடம் பக்கம் ஒரு ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது ராஜகுளத்தில் சொந்தமாக ஷெட் போட்டு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறேன். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் ஜல்லி லாரி ஓடாத ரோடு கிடையாது. கல் தெறித்த பானெட், உரசின டோர், இடித்த பம்பர் என்று வேலைக்குக் குறைவில்லை. எப்போதாவது ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும். அன்றைக்கு ஷெட்டில் யாருக்கும் மற்ற வேலை ஓடாது. கலரைப் பற்றி மனசு விட்டுப் பேசுகிற ஆளாக இதை எழுதுகிறேன். லிமிடெட் எடிஷன் வண்டிகளில் கலரை வைத்து வாங்குபவர்களை அலைக்கழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். பக்கத்து ஊர், நெல் மில் வைத்திருக்கிற குடும்பம், அவர் மட்டும் சென்னையில் ஐ.டி. வேலை. சின்ன வயதிலிருந்து கார் பைத்தியம். வெளிநாட்டிலிருந்து குறைந்த எண்ணிக்கையில் வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு புக்கிங் போட்டிருந்தார். எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். அவர் கேட்டது நீலம். ஷோரூமில் 'நீலம் கன்ஃபர்ம் சார்' என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். நாலு மாதம் கழித்து போன் வருகிறது: நீல அலாட்மென்ட் முடிந்துவிட்டது, வெள்ளை இருக்கிறது, கறுப்பு ஒன்று இருக்கலாம், இன்றைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் வெள்ளைக்குத் தலையாட்டினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வண்டியே போய்விடுமோ என்கிற பயத்தில் கலரை விட்டுக்கொடுப்போம்.

டெலிவரி எடுத்து, கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் ஏற்றிவிட்டு, நேராக என் ஷெட்டுக்கு வந்தார்.

"அண்ணா, இத நீலமா அடிச்சுத் தர முடியுமா? எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

நான் பதில் சொல்லாமல் டிரைவர் பக்கத்து டோரைத் திறந்து கீல் பக்கம் காட்டினேன். பிறகு டிக்கி மூடியின் உள்பக்கம், பானெட்டுக்கு அடியில் எஞ்சினைச் சுற்றி இருக்கிற பகுதி, ரப்பர் பீடிங்கை லேசாக விரலால் இழுத்து அதற்குள் இருக்கிற விளிம்பு. எல்லாம் வெள்ளை.

"இங்கெல்லாம் வெள்ளையாவே இருக்கும் தம்பி. வெளிய மட்டும் நீலமா இருக்கும்."

"எல்லாத்தையும் கழட்டி அடிச்சா?"

"அடிக்கலாம். கண்ணாடி, பீடிங், லைட், சீட்டு, டேஷ்போர்டு வரைக்கும் கழட்டணும். கழட்டினத கம்பெனி போட்ட மாதிரியே திரும்பப் போட முடியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். புது வண்டி. அடிக்காத."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெள்ளதான் இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற வண்டி பார்த்திருப்பேன் அண்ணா. நீலம்னு சொல்லி நாலு மாசம் நீலத்தையே நெனச்சிட்டு இருந்தேன்."

எனக்கு வருத்தமெல்லாம் இதில்தான். வெள்ளை கெட்ட கலர் இல்லை. ஆனால் ஒருவரை ஒரு கலரை நினைத்துக் காத்திருக்க வைத்துவிட்டு, கடைசி நாளில் வேறொன்றைக் கையில் கொடுப்பது வியாபாரத்தில் நேர்மையான பழக்கம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆலையில் பெயிண்ட் அடிப்பது ஷெட்டில் அடிப்பது மாதிரி கிடையாது. வெறும் தகடாக வருகிற பாடியை முதலில் கழுவி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, பிறகு மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். இதை ஈ.டி. கோட் என்போம். துருவுக்கு எதிரான காவல் அதுதான். 170 டிகிரி பக்கம் ஓவனில் சுட்டு எடுத்ததும் மூட்டுகளில் சீலர், அதன் மேல் பிரைமர், மறுபடி ஓவன். பிறகுதான் நாம் கண்ணால் பார்க்கிற கலர், அதாவது பேஸ் கோட். அது 15 மைக்ரான் தடிமன் இருந்தால் அதிகம். அதன் மேல் 40 மைக்ரான் கிளியர். 140 டிகிரியில் கடைசிச் சூடு. எல்லாம் சேர்த்து ஒரு புது காரின் பெயிண்ட் சுமார் 100 முதல் 130 மைக்ரான். தலைமுடி ஒன்றரை இழை தடிமன்கூட சில வண்டியில் வராது.

கலர் மாற்றுவதில்தான் சிக்கல் இருக்கிறது. ரோபோவின் குழாயில் சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த வண்டிக்கு வெள்ளை வேண்டுமென்றால், குழாயைக் கழுவ வேண்டும். கழுவின சால்வென்டும் வீண், குழாயில் நின்ற பெயிண்டும் வீண். அதனால்தான் ஒரே கலர் வண்டிகளை அடுத்தடுத்து வரிசையாக விடுவார்கள். ஒரே ஒரு வண்டிக்காக ஒரு தனிக் கலர் என்றால் அதற்குத் தனிக் குழாய் ஒதுக்க வேண்டும், அல்லது லைனுக்கு வெளியே கையால் அடிக்க வேண்டும். பம்பர் வேறு பிளாஸ்டிக். 140 டிகிரி ஓவனுக்குள் அனுப்பினால் இளகி வளைந்துவிடும். அதனால் அது பெரும்பாலும் வேறு இடத்தில், குறைந்த சூட்டில் பெயிண்ட் ஆகி வரும். தகட்டில் இருக்கிற நீலமும் பிளாஸ்டிக்கில் இருக்கிற நீலமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். புதுக் கலர் ஒன்றை அனுமதிக்கும் முன் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வைத்துச் சோதித்துத்தான் வாரன்டி கொடுக்க முடியும். சிவப்பு நிறங்களில் சில வெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் வெளிறும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெட்டாலிக், பேர்ல் எல்லாம் வந்தால் இன்னும் கஷ்டம். என் ஷெட்டில் ஒரு மெட்டாலிக் நீல வண்டிக்கு ஒரே ஒரு ஃபெண்டர் அடிக்க வேண்டுமென்றால், கலர் கோடு பார்த்துக் கலந்த பெயிண்டை நேராக வண்டியில் அடிக்க மாட்டேன். சின்னத் தகட்டில் அடித்து, கிளியர் போட்டு, காய்ந்த பிறகு பக்கத்து டோரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும். வெளியே காலை வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்று பச்சைப் பக்கம் சாயும், ஒன்று ஊதாப் பக்கம் சாயும். நேராகப் பார்த்தால் சரி, சாய்த்துப் பார்த்தால் இருட்டு. உள்ளே இருக்கிற அலுமினியத் துகள் எப்படிப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கலரே மாறும். கன் பிடிக்கிற தூரம், காற்றழுத்தம், அன்றைக்கு எவ்வளவு வெக்கை, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இந்த வேலையின் அருமை தெரிந்தவன் என்பதால், கம்பெனி ஒரு ஸ்பெஷல் கலருக்குக் கூடுதல் காசு கேட்டால் நான் கோபப்பட மாட்டேன். அந்தக் காசு நியாயமானது.

ஆனால் அந்தக் காசு நம் ஊருக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்று பாருங்கள். முழு வண்டியாக இறக்குமதியாகும் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு, 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 சதவீதமாக்கி, அதோடு 40 சதவீத மேல்வரியும் வைத்தார்கள். மொத்தம் 110. அதற்கு மேல், 2025 செப்டம்பரிலிருந்து பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. கலர் வண்டியோடு ஒட்டி வருவதால் அதற்கும் அதே வரிதான். ஆலையில் கலருக்கு 100 ரூபாய் என்றால், துறைமுகம் தாண்டும்போது 210, ஜி.எஸ்.டி.யோடு 294. பிறகு தமிழ்நாட்டு ஆயுள் வரி வேறு. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது 20 சதவீதம். கலரின் ஆலை விலையைவிட அரசாங்கத்துக்குப் போகிற பங்கு இரண்டு மடங்கு. இத்தனையும் கட்டத் தயாராக இருப்பவருக்கும் கேட்ட கலர் கிடைப்பதில்லை.

கிடைக்காததற்கு இன்னொரு காரணம், இந்த வண்டிகள் வருகிற வழி. ஒரு கம்பெனி வருடத்துக்கு 2500 வண்டி வரை இந்தியாவில் தனியாகச் சோதனை ஏதும் செய்யாமல் இறக்குமதி செய்துகொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வழியில்தான் ஆசைப்படுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வருகின்றன. 2020இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 மொத்தம் 200 வண்டி. 2025இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதல் தவணை 150. விலை சொல்வதற்கு முன்பே எல்லாம் புக் ஆகிவிட்டன. புக் பண்ணுவதற்கே கேள்வி-பதில் ஒன்று வைத்திருந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் புது ஆக்டேவியா ஆர்.எஸ். 100 வண்டி, 20 நிமிடத்தில் முடிந்தது. 49.99 லட்சம் என்கிற விலை வெளியே வந்தது அதற்குப் பிறகுதான். இப்படி 100 வண்டி வரும்போது, எத்தனை பச்சை, எத்தனை வெள்ளை, எத்தனை நீலம் என்பது ஆர்டர் போடும்போதே அங்கே முடிவாகிவிடுகிறது. நாம் புக்கிங்கில் டிக் அடிக்கிற கலர் ஒரு விருப்பம், அவ்வளவுதான். அதை விருப்பம் என்று முதலிலேயே எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

உள்ளூரில் தயாராகிற வண்டி என்றாலும் கலர் தாராளமாகக் கிடைத்துவிடாது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. ஆலை, எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அப்போது அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. இந்தியாவில் அசெம்பிள் ஆன முதல் 'எம்' கார், எம்340ஐ, 2021இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. மறு வருடம் 'எம்' பிரிவின் 50ஆம் ஆண்டுக்காக அதில் ஒரு சிறப்புப் பதிப்பு விட்டார்கள். கலர் இரண்டே இரண்டு: ட்ராவிட் கிரே, டான்சனைட் நீலம். இரண்டுமே அருமையான கலர். டான்சனைட் நீலத்தை மாலை வெயிலில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், நிழலில் கறுப்பு மாதிரி இருந்தது வெயில் பட்டதும் எழுந்து வந்தது. இரண்டுதான் என்று முதலிலேயே சொல்லி விற்றார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

சட்டமும் ஒரு கலரைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி: ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. பெகாசஸ் வெளிநாட்டில் பழுப்பு, ஆலிவ் பச்சை என்று இரண்டு கலரில் வந்தது. இந்தியாவுக்குப் பழுப்பு மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். என் ஷெட்டுக்கும் மாதத்துக்கு ஒருவராவது ஜீப்பைக் கொண்டுவந்து மிலிட்டரி பச்சை கேட்பார்கள். முடியாது என்று அனுப்பிவிடுவேன்.

மற்ற கலருக்கு மாற்றுவதென்றாலும் ஆர்.சி. புத்தகத்தில் கலர் எழுதியிருக்கிறது என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது. கலர் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்ய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். முழு வண்டிக்கும் ராப் என்கிற கலர் ஃபிலிம் ஒட்டினாலும் ரோட்டில் ஓடுகிற கலர் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற கலர் ஒன்று என்று ஆகிவிடும். ஒரு விபத்து, ஒரு க்ளெய்ம் என்று வரும்போது இது தலைவலி.

பெகாசஸ் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த 178 விநாடிக்குப் பிறகு, அடுத்த மாதமே, ஆகஸ்ட்டில், அதே கம்பெனி கிளாசிக் 350 சிக்னல்ஸ் என்று இன்னொன்றை விட்டது. அதுவும் ராணுவச் சாயல், அதற்கும் டேங்கில் எண். அதில் முன்னும் பின்னும் ஏ.பி.எஸ். இருந்தது, பெகாசஸில் இல்லை. விலையும் கணிசமாகக் குறைவு. பெகாசஸ் வாங்கினவர்கள் கொதித்துப்போனார்கள். 'இனிமேல் கிடைக்காது' என்று சொல்லி விற்றுவிட்டு அதன் சாயலிலேயே இன்னொன்றைக் கொண்டுவந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதே கம்பெனியிடமிருந்துதான் கலரில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணமும் கிடைக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. திருவொற்றியூர் ஆலை 1950களிலிருந்து ஓடுவது. அங்கே டேங்கில் தங்கக் கோடு போடுவதைக் கையாலேயே செய்கிற அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். ஸ்டிக்கர் கிடையாது, டேப் கிடையாது. பிரஷ்ஷை பெயிண்டில் தோய்த்து, டேங்கின் வளைவை ஒட்டி ஒரே இழுப்பு. நான் அந்தக் கோடு போட்ட டேங்குகளை ஷெட்டில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மயிரிழை தடிமன் கூடியிருக்கும், முடிகிற இடத்தில் மெலிந்திருக்கும். அந்த வித்தியாசத்தை விரல் நுனியில் உணரலாம். கிளியர் போடுகிறவன் அந்தக் கோட்டின் மேல் கன் ஓட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். 2021 டிசம்பரில் 120ஆம் ஆண்டுக்காக விட்ட இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. வண்டிகளுக்கு அதே திருவொற்றியூரில் கறுப்பு குரோம் ஏற்றினார்கள். டேங்கில் இருந்த பித்தளை முத்திரையைச் செய்தது, கோயில் விக்கிரகங்கள் வார்க்கிற ஒரு சிற்பிக் குடும்பம். தமிழ்நாட்டுக் கை வேலை உலகம் முழுக்கப் போனது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அதுவும் இந்தியாவுக்கு 120 வண்டிதான், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வேகமான இணையம் உள்ளவன் வாங்கினான். எங்கள் ஊரில் சாயங்காலம் மழை தூறினாலே சிக்னல் ஒரு கட்டம் குறையும்.

யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? வேகமாகக் கிளிக் பண்ணுபவனுக்கா? ஷோரூம் மேனேஜருக்குத் தெரிந்தவனுக்கா? ஏற்கெனவே நிறைய வாங்கினவனுக்கா? வெளிநாட்டில் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான் வழக்கம். 2016இல் போர்ஷே 911 ஆர் என்று 991 கார் மட்டும் செய்தது. அதற்கு முன் 918 ஸ்பைடர் வாங்கியிருந்தவர்களுக்குத்தான் முதல் அழைப்பு. வாங்கினவர்களில் பலர் உடனே பல மடங்கு விலைக்கு விற்றார்கள். ஓட்டுகிற ஆசையோடு காத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். போர்ஷேவிலேயே 'பெயிண்ட் டு சாம்பிள்' என்று ஒரு வழி இருக்கிறது. 90களில் வந்த ரூபிஸ்டோன் சிவப்பு மாதிரி பழைய கலர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கலரில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். நீங்களே ஒரு சாம்பிள் கொண்டுவந்து கொடுத்தாலும், அடிக்க முடியுமா என்று மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்துச் செய்துகொடுப்பார்கள். ஒரு பெயிண்டராக எனக்கு அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த இடமும் டீலருக்கு இத்தனை என்று எண்ணித்தான் கொடுக்கப்படுகிறது. எந்த டீலரிடம் உங்களுக்கு எவ்வளவு பழக்கம் என்பதில் வந்து நின்றுவிடும்.

உத்திரமேரூர்க்காரனாக இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த முறை அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று படித்திருப்போம். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, 30 குடும்புக்கும், அதாவது ஊர்ப் பிரிவுக்கும், தனித்தனியாகக் கட்டி, குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கும் முன் வெறும் குடத்தைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய. அதைவிட முக்கியமான ஒரு விதி: முந்தின மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர்கள் பெயர் குடத்துக்குள் போகாது. அந்தச் சபை எல்லோருக்குமானது இல்லை. நிலமும் வீடும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமானது. அது தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் தகுதி உள்ளவர்களுக்குள் பாரபட்சம் வரக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

100 காருக்கு இதைச் செய்ய என்ன தடை? புக்கிங்கை 20 நிமிடத்துக்கு இல்லாமல் ஒரு வாரம் திறந்து வையுங்கள். எந்தக் கலரில் எத்தனை வண்டி வருகிறது என்று முதலிலேயே போடுங்கள். விலையையும் போடுங்கள். கலர் வாரியாக ஒரு குலுக்கல், எல்லோரும் பார்க்க நேரலையில். போன தடவை லிமிடெட் எடிஷன் வாங்கினவருக்கு இந்தத் தடவை இடம் கிடையாது. நீலத்துக்குக் குலுக்கலில் வராதவரிடம் வேறு கலர் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விற்று லாபம் பார்ப்பதைத் தடுக்கவும் வழி உண்டு. 2023இல் 911 எஸ்/டி விட்டபோது, அமெரிக்காவில் முதல் வருடம் லீஸ் மட்டும்தான் என்று போர்ஷே வைத்தது. கையில் சொந்தமாக வந்தால்தானே மறுநாளே விற்க முடியும். செய்ய மனமிருந்தால் வழி இருக்கிறது.

இன்னொரு யோசனையும் உண்டு, இது பெயிண்டர் சார்பாக. எஞ்சினையும் பிரேக்கையும் எண்ணி விற்றுக்கொள்ளட்டும், ஆனால் கலரை எண்ண வேண்டாம். சாதாரண மாடலிலும் பத்துப் பதினைந்து நல்ல கலர் கொடுங்கள், கூடுதல் காசு, கூடுதல் காத்திருப்பு என்று சொல்லியே கொடுங்கள். ராயல் என்ஃபீல்டு 2020இல் 'மேக் இட் யுவர்ஸ்' என்று, புக் பண்ணும்போதே கலரையும் சாமானையும் போனில் தேர்ந்தெடுக்கிற மாதிரி செய்தது. லட்சக்கணக்கில் வண்டி செய்கிற கம்பெனியே இந்த வேலையில் இறங்க முடிகிறது. கார் கம்பெனிகள் வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்றே நிறுத்திவிடுகின்றன. சாயங்காலம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் ஒரே வெள்ளையும் சாம்பலுமாகப் போகிறது. விற்பனைக்கு அதுதான் போகிறது என்பார்கள். கடையில் அது மட்டும் இருந்தால் அதுதான் போகும்.

மில்காரத் தம்பி கடைசியில் வெள்ளையையே வைத்துக்கொண்டார். நான் முழு வண்டிக்கும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுகிற ஆளைக் காட்டிவிட்டேன். ஜல்லி ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு அது உண்மையிலேயே தேவை.

லிமிடெட் எடிஷன் புக் பண்ணப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். கலரின் பெயரும் கலர் கோடும் புக்கிங் ரசீதில் அச்சில் இருக்க வேண்டும், வாயால் சொன்ன கன்ஃபர்ம் செல்லாது. அந்தக் கலர் வராவிட்டால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அந்தக் கலர் அவர்கள் கையில் இல்லை என்று அர்த்தம். டெலிவரி எடுக்கும் நாளில் பெயிண்ட் தடிமன் அளக்கிற மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். கப்பலிலும் டிரைலரிலும் வருகிற வண்டியில் வழியில் கீறல் விழுந்து, யார்டிலேயே டச்-அப் பண்ணிக் கொடுப்பது நடக்கிற காரியம்தான். கூரை, பானெட், நான்கு டோர், இரண்டு ஃபெண்டர், டிக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் 100 மைக்ரானுக்கும் 140 மைக்ரானுக்கும் நடுவில் காட்டினால் ஆலைப் பெயிண்ட். ஒரு டோர் மட்டும் 250 காட்டினால் சாவியை வாங்காமல், அந்த டோருக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சாவி கைக்கு வந்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.